ஆறாம் பகுதியை ரசிக்கத் தவறியவன்

இரண்டாயிரத்துப் பத்தில் கடலூரில் சுற்றறிக்கைச் சீரமைப்புத் துறை என்று ஒன்று இருந்தது. மற்றத் துறைகள் அனுப்பும் சுற்றறிக்கைகளைச் சீரமைத்து, அதைப் பற்றி ஒரு சுற்றறிக்கை அனுப்புவது அதன் தலையாய பணி. அதன் மாவட்ட அலுவலர் சிவசுப்ரமணியன் ஐயா அவர்கள், பொதுநலன் கருதி, ஜப்பான் கார்ட்டூன் தொடர் ஒன்றைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

சிதம்பரத்தில் இன்ஜினியரிங் படிக்கிற மகள் கார்த்யாயினி, "அப்பா, நீ சுத்தப் பழைய பஞ்சாங்கம்" என்று சொன்னதுதான் காரணம். கார்ட்டூன் என்றாலும் அவளுக்குக் கோபம் வரும். அனிமே என்று சொல்ல வேண்டும். ஜப்பானில் வாரம் ஒரு பகுதி வரும். அவள் பென் டிரைவில் கொண்டுவந்து கொடுப்பாள். அலுவலகமே பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்ல வேண்டும். வெளியூர்க் கிளைகளுக்கு சி.டி. போய்விடும். பன்னிரண்டு பகுதிகளில் ஆறு வந்திருந்தன.

இந்த நேரம் பார்த்தா அன்பரசு மாறுதல் கேட்டு வந்து நிற்க வேண்டும்! பாவம், பெண்ணாடம் கிளையில் உதவியாளர். கல்யாணமாகி வருஷம்கூட ஆகவில்லை. மனைவி ரேகாவுக்குக் கடலூரில் டீச்சர் வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை பஸ் பிடித்து ஓடுகிற குடித்தனம். மனுஷன் நொந்துபோயிருந்தான்.

"டிரான்ஸ்பர் கெடக்கட்டும். ஆறாம் பகுதி எப்படி?" என்றார் ஐயா.

அன்பரசுவின் நாக்கில் சனி உட்கார்ந்தது. "மொத பகுதி அருமை ஐயா. ஆறாவதுல கதையே காணோம். பூதத்தைத் தேடிப் போன பசங்க கடற்கரையில உக்காந்து தர்பூசணி துன்றாங்க. அதை நம்ம தேவனாம்பட்டினம் பீச்சுலயே பாக்கலாமே."

தலைமை எழுத்தர் கலியமூர்த்தி தொண்டையைச் செருமினார். "அது தத்துவம் தம்பி. மேல பச்சை, உள்ள செவப்பு. ஐயா அப்பவே வெளக்கிட்டாங்க."

அன்பரசு வீடு வந்து சேர்வதற்குள் குறிப்பாணையும் வந்து சேர்ந்தது. 'முதல் பகுதியை ரசித்த தாங்கள் ஆறாம் பகுதியை ரசிக்கத் தவறி, முன்னுக்குப்பின் முரணாக ரசித்தது ஏன் என விளக்கம் அளிக்கவும். தவறினால், தங்களுக்கு ரசனை ஏதுமில்லை எனக் கருதி மேல்நடவடிக்கை தொடரப்படும்.'

ரேகா தலையில் அடித்துக்கொண்டாள். "உனக்கு நான் வேணுமா, நாயம் வேணுமா மாமா? நல்லாருக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டு வா. வயித்துல இருக்கிற புள்ளையும் அப்பனைப் பாக்க பெண்ணாடத்துக்கு அலையணுமா?"

அவள் முழுகாமல் இருப்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உட்கார்ந்து எழுதினான்: 'ஆறாம் பகுதி ஒரு காவியம். முந்தைய கருத்தை நிபந்தனையின்றித் திரும்பப் பெறுகிறேன். அன்று எனக்கு ஜலதோஷம்.'

மறுநாள் அன்பரசு நேரில் கொண்டுவந்து நீட்டியதைப் படித்த ஐயாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "மனுஷன்னா இப்படித்தான் வளரணும்" என்று மாறுதல் உத்தரவை இழுத்துவைத்துப் பேனாவைத் திறந்தார். செல்போன் அடித்தது. கார்த்யாயினி. அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அப்பா, இன்னுமா அதைப் பாக்குற? ஆறாவதோட குப்பையாயிடுச்சுன்னு எங்க ஹாஸ்டலே நிறுத்திடுச்சு. நல்லாருக்குன்னு வெளிய சொல்லித் தொலைக்காத, மானம் போயிடும்."

ஐயா பேனாவை மூடினார். கலியமூர்த்தி அசரவில்லை. "தர்பூசணியைப் பாத்தப்பவே எனக்கு ஒரு மாதிரியாதான் இருந்துச்சு ஐயா."

"குப்பையைக் காவியம்னு எழுதிக் குடுக்கிற ஆளை, மாவட்டத் தலைநகருக்கு எப்படிய்யா கொண்டாறது?"

"ஐயா! கதையே இல்லன்னு மொதமொதல்ல சொன்னதே நான்தான்!" என்றான் அன்பரசு.

"சொன்ன. அதைத்தான் நீயே வாபஸ் வாங்கிட்டியே." ஐயா உண்மையிலேயே வருத்தத்தோடு சொன்னார். "பன்னெண்டும் வரட்டும் தம்பி, பாப்போம்."

அன்பரசு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். ரேகா அவனைத் திட்டவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு, பேச்சை மாற்ற, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அதை வுடு மாமா. பொண்ணு பொறக்கணுமா, பையன் பொறக்கணுமா? உனக்கு எது ஆசை, சொல்லு."

அன்பரசு வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"உங்கப்பா என்ன சொல்றாரு? அதையே எழுதிக் குடுத்துர்றேன்."