சவரிமுத்துக் கங்காணி கல்லூரிக்கு ஆள் கொடுத்த கதை

எங்கள் குடும்பத்தில் ஒரு சிரிப்புக் கதை உண்டு. கல்யாண வீடோ, சாவு வீடோ, கிறிஸ்மஸ் பலகாரம் சுடும் அடுப்படியோ, நாலு பேர் கூடினால் போதும், அது வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். கொழும்புக் கல்லூரியில் என்னைச் சேர்க்கப் போன அப்பா, துரைமார் முன்னால் வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்த கதை. கேட்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். முப்பது வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கதையில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். (வாயால் சொல்லித் திருத்தத் தைரியம் இல்லை. எழுதினால் எங்கள் வீட்டில் ஒருவரும் படிக்க மாட்டார்கள் என்பது ஒரு நிம்மதி.)

குருவிட்ட டவுனுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். கீழே வயலைத் தோண்டி மாணிக்கம் தேடுகிறவர்கள், மேலே மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள், இரண்டு பேருக்கும் பொதுவாக மழை. எங்கள் மழைக்கு ஞாயிற்றுக்கிழமையும் லீவு கிடையாது. அந்தத் தோட்டத்தில் என் அப்பா சவரிமுத்து கங்காணி. இந்தியாவிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து, துரையிடம் பேர் பதிந்து, அவர்களுக்காகப் பேசி, அவர்களுக்காக ஏச்சு வாங்கி வாழ்ந்த மனுஷன்.

நான் அவருடைய ஒரே மகன். இரத்தினபுரி மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, பெரிய பரீட்சையிலும் எப்படியோ தேறிவிட்டேன். தோட்டத்து லயத்திலிருந்து, ஆட்கள் குடியிருக்கும் அந்த வரிசை வீடுகளிலிருந்து, அப்படித் தேறியவன் அதற்கு முன் இல்லை. அரசாங்கம் கொழும்பில் நடத்துகிற மேல்படிப்புக் கல்லூரியிலிருந்து, நேரில் வந்து பேசும்படி கடிதம் வந்தது. போனால் படிப்பு. போகாவிட்டால் தோட்ட ஆபீசில் செக்ரோல், அதாவது ஆட்களின் பேர்க்கணக்கு, எழுதும் கணக்கப்பிள்ளை வேலை, ஆயுசு முழுக்க. எனக்கு முன்னால் இருந்தவை அந்த இரண்டு பாதைகள்தான். அதில் இரண்டாவது பாதையில் காலைக் கடிக்கும் அட்டை அதிகம்.

அப்போது எனக்கு வயது பத்தொன்பது. தலைக்கனத்தை எடை போட்டிருந்தால் தோட்டத்துத் தராசு உடைந்திருக்கும். பனி மூடிய ரப்பர் மலையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நீண்ட பேச்சு எழுதி, மனப்பாடம் செய்து, மரங்களுக்கு ஒப்பித்துக் காட்டினேன். மரங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பாவின் கவலை வேறு.

"தம்பி, துண்டு வாங்கணுமே."

துண்டு என்றால் தோட்டத்தை விட்டுப் போகிற ஆளுக்குத் துரை கொடுக்கும் சீட்டு. இவனுக்குக் கடன் இல்லை, பேரை வெட்டியாயிற்று, எங்கே வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அதில் இருக்கும். அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் கால் வைக்க முடியாது. சட்டம் துண்டை ஒழித்துவிட்டது என்று அப்போது பேசிக்கொண்டார்கள். எங்கள் மலையில் அதை ஒருவரும் நம்பவில்லை.

"காலேஜுக்குத் துண்டு வேணாங்கப்பா" என்றேன்.

"எந்தத் தோட்டத்துலடா துண்டு இல்லாம ஆளச் சேக்குறான்? கள்ள ஆளுன்னு வெரட்டி விட்டுருவான்."

மறுநாள் காலை துரையின் ஆபீஸ் வாசலில் நின்றோம். அப்பா செருப்பைக் கழற்றினார். குடையை மடக்கினார். மழை தலையில் கொட்டியது.

"மழையா கங்காணி?" என்றார் துரை, அவருடைய அரைத் தமிழில்.

"ஆமாங்க தொரை."

"விட்டுடும்?"

"ஆமாங்க தொரை."

"விடாது, என்ன?"

"ஆமாங்க தொரை."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. திரும்பி வரும்போது, "கேட்டதுக்கெல்லாம் ஆமாம்னா என்னங்கப்பா அர்த்தம்? ஒரு தரமாவது இல்லன்னு சொல்லக் கூடாதா?" என்று பிரசங்கம் செய்தேன். அப்பா, துரை துண்டை உள்ளே வைத்து ஒட்டிக் கொடுத்த உறையைப் பத்திரமாக வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, "சொல்லலாம். நீ படிச்சிட்டு வந்து சொல்லு" என்றார்.

அம்மாவின் பசு இரண்டும் என் உடுப்பாகவும் ரயில் டிக்கெட்டாகவும் மாறின. இரத்தினபுரிக் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் கடைக்கார நானாவிடம் சப்பாத்து வாங்கினோம். போட்டுப் பார்த்து, "கடிக்குது நானா" என்றேன்.

"கடிக்கட்டும் மகன். இங்கிலீஸ் சப்பாத்து, ஆள் பழகுற மட்டும் கொஞ்சம் கடிக்கும்தான்" என்றார். அது என்னிடம் கடைசிவரை பழகவே இல்லை.

குருவிட்ட ஸ்டேஷனில் சின்ன ரயில் ஏறினோம். மலையை விட்டு இறங்க மனமில்லாத ரயில் அது. ஒவ்வொரு வளைவிலும் நின்று யோசித்தது. நான் என் ஆங்கிலப் பேச்சை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அப்பா வெற்றிலை மென்றபடி, "நல்லா ஓதுறடா, பாதரு மாதிரியே இருக்கு" என்றார்.

கல்லூரி ஒரு பெரிய பங்களா. வழுவழுப்பான தரை, உயர்ந்த கதவு. வராந்தாவில் வெள்ளைக் கோட்டுப் போட்ட பையன்கள் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் படித்தது போல இல்லை, தாய்ப்பாலோடு குடித்தது போல இருந்தது. அப்பாவை வாசல் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். "நீங்க உள்ள வர வேணாங்கப்பா" என்று இரண்டு தரம் சொன்னேன். (இரண்டாவது தரம் கொஞ்சம் தாழ்ந்த குரலில். பையன்கள் கேட்டுவிடக் கூடாதே.)

யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர் என் பேரைக் கூப்பிட்டார். கதவைத் திறந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர்.

அவரைப் பார்த்தேனோ இல்லையோ, என் கால்கள் தாமாகவே சப்பாத்தைக் கழற்றிவிட்டன.

நானாக நினைத்துச் செய்யவில்லை. பத்தொன்பது வருடம் துரைமார் வாசலில் செருப்பு விட்ட பரம்பரைக் கால்கள் அவை, என்னைக் கேட்காமலே மரியாதை செய்துவிட்டன. வாசலுக்கு வெளியே இரண்டு சப்பாத்து, உள்ளே ஓட்டைக் காலுறையில் என் பெருவிரல். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வெள்ளைக்காரர் என் விரலைப் பார்த்துவிட்டு, நாகரிகமாகக் கூரையைப் பார்த்தார்.

"இரத்தினபுரிப் பக்கமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"யெஸ் சார்."

இதுவரை சரி.

"கலைப் பாடமா, விஞ்ஞானமா? எதைப் படிக்க விருப்பம்?"

"யெஸ் சார்."

"எதை?"

"யெஸ் சார்."

பனி மூடிய ரப்பர் மலை எங்கே போயிற்று? மூன்று மாதம் மரங்களுக்கு ஒப்பித்த பேச்சு எங்கே? தேடினேன். தலைக்குள் பனி மட்டும் இருந்தது, மலையைக் காணோம்.

"லத்தீன் தெரியுமா?" என்றார் இன்னொருவர்.

"யெஸ் சார்." (தெரியாது.)

"நல்லது. ஏதாவது சொல், கேட்போம்."

எனக்குத் தெரிந்த லத்தீன் ஒன்றுதான், கோயிலில் பூசைக்கு உதவும்போது சொல்லும் பாவ அறிக்கை. அதைச் சொன்னேன். சொல்லும்போது மூன்று தரம் நெஞ்சில் அடித்துக்கொள்வது வழக்கம் என்பதால், அடித்தும் கொண்டேன். சப்பாத்தில்லாமல் ஒருவன் வந்து, ஒரு குற்றமும் சாட்டப்படும் முன்பே, என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே என்று மார்பில் அறைந்துகொள்வதை அந்த மூன்று பேரும் அதற்கு முன் கண்டிருக்க மாட்டார்கள்.

பிறகு வெள்ளைக்காரர் மிகவும் அன்பாக, "இன்னும் ஒரு வருடம் பள்ளியிலேயே இருந்துவிட்டு வந்தால் உனக்கு நல்லது என்று நினைக்கிறேன். நீயும் அப்படித்தான் நினைக்கிறாயா?" என்றார்.

இல்லை என்று சொல்ல வேண்டிய கேள்வி. ஒரே ஒரு இல்லை. அப்பாவுக்கு நான் பிரசங்கம் செய்த அதே இல்லை.

"யெஸ் சார்" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். என் தாளை எடுத்து இடது பக்கம் வைத்தார். அதோடு முடிந்தது. நன்றாகக் கவனியுங்கள், அப்பா அதற்குப் பிறகுதான் உள்ளே வந்தார்.

கதவு இடுக்கில் பார்த்திருப்பார் போலிருக்கிறது. ஆள் வாயடைத்து நிற்கும்போது கங்காணி வெளியே உட்கார்ந்திருப்பானா? ஆளுக்காகப் பேசுவதுதானே அவர் தொழில்! தலைப்பாகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்து, மேசையில் துண்டை வைத்து, கும்பிட்டார்.

"தொரைமாருக்கு சலாங்க. இவன் எம் பையன். நல்ல ஆளு. குடி இல்ல, கடன் இல்ல, சண்டை சச்சரவு இல்ல. வருசத்துக்கு ரெண்டு தரம் காச்ச வரும், கொயினா குடுத்தா எந்திரிச்சிருவான். ஓடிப்போற ஆள் இல்லீங்க. ஓடுனா நான் ஜவாப்பு. பேர் பதிஞ்சுக்குங்க."

கிளாக்கர் திணறித் திணறி மொழிபெயர்த்தார். வெள்ளைக்காரர் உறையைக் கிழித்துத் துண்டைப் படித்தார். தோட்டத்து அச்சுத் தாள், எல்லோருக்கும் ஒரே தாள். கடன் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. வேலை எப்படி என்ற இடத்தில், எங்கள் துரை நேர்மையான மனிதர், 'பார்த்ததே இல்லை' என்று எழுதியிருந்தார்.

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அப்பா விடவில்லை. அடுத்து எனக்கு அறை கேட்டார்.

"காம்பிரா எந்த லயத்துலங்க குடுப்பீங்க? ஒழுகாததா பாத்துக் குடுத்தாப் புண்ணியம். அப்பறம், பென்ஸ் காசு தலைக்கு என்னாங்க?"

ஒவ்வொரு நாளும் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு ஆளுக்கும் தோட்டம் கங்காணிக்குச் சில்லறை கொடுக்கும். அதுதான் பென்ஸ் காசு. கிளாக்கர் மொழிபெயர்க்காமல் அப்பா பக்கம் திரும்பினார்.

"ஐயா, அவையள் காசு தாறேல்லை. நீங்கள்தான் கட்ட வேணும். படிப்புக்குக் காசு, விடுதிக்குக் காசு, சாப்பாட்டுக்குக் காசு, புத்தகத்துக்கும் காசு."

அப்பா என்னைப் பார்த்தார். கிளாக்கரைப் பார்த்தார். மூன்று துரைமாரையும் முறையாகப் பார்த்தார்.

"ஆளையும் நாமளே குடுத்து, காசும் நாமளே குடுக்கணுமா? அரிசியுமா? இது என்னா தோட்டம்ங்க!"

கிளாக்கர் இதை மொழிபெயர்த்தார். மூன்று பேரும் சிரித்தார்கள். வராந்தாப் பையன்கள் சிரித்தார்கள். சுவர்கூடச் சிரித்தது போல இருந்தது. அப்பாவும் மரியாதைக்குச் சிரித்தார். சிரிக்காத ஒரே ஜீவன் என் பெருவிரல்.

எங்கள் வீட்டுக் கதை இங்கே முடிந்துவிடும். நடந்தது இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

நான் வெளியே குனிந்து சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது கிளாக்கர் பின்னால் வந்தார். அப்பா முற்றத்தில் மாமரத்தடிக்குப் போய்விட்டிருந்தார்.

"தம்பி, உம்மட அலுவல் முதலே முடிஞ்சு போச்சு. உம்மட ஐயா வந்து கதைச்ச பிறகுதான் துரை உம்மட தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தவர். இப்பிடி ஒரு தகப்பன் ஜவாப்பு எண்டு நிண்டால் அந்தப் பெடியனை விடப்படாது எண்டு சொன்னவர். வாற வருஷம் கட்டாயம் வாரும். காசுக்கும் ஏதும் உதவி கேட்டுப் பாக்கலாமாம். ஆனா நீர் வாயைத் திறந்து கதைக்க வேணும், என்ன?"

"யெஸ் சார்" என்றேன்.

திரும்பும் ரயிலில் அப்பா வெற்றிலை போடவில்லை. அவிசாவளை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக, பெயர் கூப்பிடக் காத்திருக்கும் ஆட்களைப் போல நனைந்துகொண்டு நின்றன. அவர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றினார். பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"நான் உள்ள வந்து பேசுனதாலதான் கெட்டுருச்சா தம்பி?"

அன்றைக்குக் கேட்கப்பட்ட கேள்விகளில் பதில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான். கிளாக்கர் சொன்னது காதில் இன்னும் சூடாக இருந்தது. ஆனால் பையன்களின் சிரிப்பும் காதில் இருந்தது.

"ஆமா" என்றேன்.

அப்பா தலையை ஆட்டினார். "அதான் நெனச்சேன்" என்றார். ஒரு ஏச்சு வந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

தோட்டத்தில் என் பேர் வெட்டப்பட்டிருந்தது. துண்டு வாங்கியவன் அன்னியன். அப்பா மறுபடி துரை வாசலில் குடை மடக்கி நின்று, "புது ஆள் ஒண்ணுங்க தொரை" என்று கேட்டுத்தான் என்னைத் திரும்பப் பதிய முடிந்தது. விடியற்காலைப் பெரட்டில், ஆட்கள் வரிசையாக நிற்கும் அந்தக் களத்தில், கடைசிப் பேராக என் பேரைக் கூப்பிட்டார்கள். அதன் பிறகு ஆபீசில் பேனா கொடுத்தார்கள். நான் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் அப்பாவுக்குப் பென்ஸ் காசு கிடைத்தது. கல்லூரி கொடுக்காததைத் தோட்டம் கொடுத்தது.

அடுத்த வருடம் போகவில்லை. போக வேண்டுமானால் கிளாக்கர் சொன்னதை அப்பாவிடம் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் ரயிலில் சொன்ன 'ஆமா' பொய்யாகிவிடும். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். எத்தனை நாளைகள்! மழை விட்டதும் சொல்லலாம் என்றும் வைத்தேன். எங்கள் மழையைப் பற்றித்தான் முதலிலேயே சொன்னேனே.

அப்பாவோ அந்தக் கதையைத் தானே எடுத்துக்கொண்டார். யாராவது என்னைப் பார்த்து, "படிச்சும் ஏன் இங்கயே கெடக்க?" என்று கேட்கும் முன்னால் அவரே குறுக்கே விழுவார். "அவன் சேந்திருப்பான்யா. நாந்தான் போயி தொரைக்கிட்ட பென்ஸ் காசு கேட்டுட்டேன்!" என்று தொடையில் தட்டிச் சிரிப்பார். தன் ஆளுக்காகப் பேசுவதைக் கடைசிவரை அவர் நிறுத்தவில்லை. சாவதற்கு முந்தின மாதம்கூட, பார்க்க வந்த பாதிரியாரிடம் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

இப்போது எங்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும், "துண்டு வாங்கிட்டியா?" என்று ஒரு குரல் வரும். கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் வரும்.

போன மாதம் தங்கச்சியின் மூத்த மகளுக்குக் கல்யாணம். பந்தி முடிந்ததும் யாரோ கதையை ஆரம்பித்தார்கள். 'இது என்னா தோட்டம்ங்க' வந்ததும் பந்தலே அதிர்ந்தது. சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே தங்கச்சியின் சின்ன மகள் என்னிடம் கேட்டாள்.

"ஏன் மாமா, தாத்தா மட்டும் பேசாம இருந்திருந்தா ஒங்கள சேத்திருப்பாங்கதானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இதற்காக முப்பது வருடம் தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

"ஆமா" என்றேன்.