பேர் சொல்லக் கூடாத தழை

சேசு மரி சூசை துணை

நெல்லித்தோப்பு, புதுச்சேரி.
14-11-1983

'கடற்கரைச் செய்தி' வார இதழின் ஆசிரியர் முசியே அவர்களுக்கு, நெல்லித்தோப்பு மிக்கேல் சம்சாரம் ஆனந்தமேரி தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவர்களும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். நான் சுகமாக இல்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான்.

என்னைத் தங்களுக்குத் தெரியாது. மில்லில் நூல் சுற்றும் பகுதியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்ந்தவள். கண்ணில் புரை விழுந்திருப்பதால் சொல்வது நான், எழுதுவது என் மருமகள் ஸ்டெல்லாமேரி. அவள் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள். நான் பேசுவதை மரியாதையாக மாற்றி எழுதுகிறாள். மாற்றாதே என்று நான் சொன்ன இடத்தில் மாற்றாமல் எழுதுவாள், எனவே சில இடங்களில் சூடாக இருந்தால் அது என் சூடு, அவளுடையது அல்ல.

எங்கள் வீட்டில் மஞ்சள்காமாலைக்குப் பச்சை மருந்து கொடுக்கிறோம். பொழுது விடியும் முன், பல்கூட விளக்காமல், ஒரு தழையைப் பறித்து வந்து அம்மியில் அரைத்து, வருகிறவர்களுக்கு வெறும் வயிற்றில் மூன்று நாள் கொடுப்பேன். காசு வாங்குவதில்லை. தழையின் பேரையும் சொல்வதில்லை. பேரை வாய்விட்டுச் சொன்னால் சொன்னவள் கை அன்றோடு ஓய்ந்து போகும், அப்புறம் அவள் அரைத்தால் பலிக்காது. இது வீட்டுக்கு வந்த மருமகளுக்கு மட்டும், அதுவும் மாமியாருக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் சொல்லப்படும். பெற்ற பெண்ணுக்குக்கூடக் கிடையாது. எனக்குக் கை நடுங்கவில்லை. அதனால் ஸ்டெல்லாமேரிக்கு இன்னும் சொல்லவில்லை. கண் தெரியாததால் எட்டு வருஷமாக அவள்தான் விடிகாலையில் என் கையைப் பிடித்து அழைத்துப் போகிறாள். நான் தழையைத் தடவிப் பறிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள், நான் அரைக்கும்போது வெளியே போய் நிற்பாள். ஒரு நாளும் என்னவென்று கேட்டதில்லை. இதையெல்லாம் எழுத வேண்டாம் அத்தை என்கிறாள். எழுதுடி என்றேன், எழுதியிருக்கிறாள்.

இப்படி இருக்கையில், போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு வெளிவந்த தங்கள் இதழில், 'மூலிகை நேசன்' என்ற பேரில் ஒருவர் எழுதி, அதற்குத் தாங்கள் 'நெல்லித்தோப்பு ரகசியம் அம்பலம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு, தழையின் பேரையும் படத்தையும் அச்சடித்துவிட்டீர்கள். ஐயா, எது ரகசியம்? அந்தத் தழை எதுவென்று இந்தத் தெருவில் யாருக்குத் தெரியாது? நான் குனிந்து பறிப்பதைப் பால்காரர் பார்க்கிறார், மில் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் பார்க்கிறார்கள், எங்கள் பங்குச் சாமியார் பூசைக்குப் போகும்போது பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தபடி போயிருக்கிறார். எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். 'மேரியம்மா தழை' என்பதோடு சரி. தெரிந்திருப்பது வேறு, சொல்வது வேறு. இது நெல்லித்தோப்பில் ஆடு மேய்க்கிறவனுக்குப் புரிகிறது, பத்திரிகை நடத்துகிற தங்களுக்குப் புரியவில்லை.

எழுதினது யார் என்றும் எனக்குத் தெரியும். பின் தெருவில் இருக்கும் ரிட்டயர்டு ராமலிங்கம் வாத்தியார். போன மார்கழியில் காமாலை வந்து என்னிடம் மூன்று நாள் மருந்து குடித்தவர். ஸ்டெல்லாமேரி கையைப் பிடித்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்குப் போனேன். தங்கள் இதழில் பத்துப் பிரதி வாங்கி மேசைமேல் அடுக்கி வைத்திருக்கிறார் என்று அவள் காதில் சொன்னாள்.

"என்ன வாத்தியாரே இது?" என்று கேட்டேன்.

"உலகத்துக்குப் பயன்படட்டும்னுதான் எழுதினேன் மேரியம்மா. அறிவை மூடி வைக்கக் கூடாது" என்றார்.

"உலகத்துக்குக் காமாலை வந்தா உலகம் என் வாசலுக்கு வரட்டும். ஒங்களுக்கு வந்தப்ப நீங்க வரலையா? மூணு நாளும் நான் கதவத் தொறக்கறதுக்கு முன்னாடியே குந்திக்கினு இருந்தீங்களே?"

"ஒரு நன்றிக்கடனாத்தான்..."

"காசுதான் வாங்க மாட்டேன். ஒரு சீப்பு வாழப்பழம் கொண்டாந்திருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

ஒரு பிரதியை எடுத்து என்னிடம் நீட்டினார். கண் தெரியாதவளிடம் பத்திரிகையை நீட்டுகிறவர்தான் அறிவைப் பற்றிப் பேசுகிறார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். திங்கட்கிழமை விடிகாலையில் மில் பின்மதில் ஓரம் இருக்கும் காலி மனைக்குப் போனால், எனக்கு முன்னால் பதினோரு பேர் குந்தி உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஸ்டெல்லாமேரி எண்ணிச் சொல்கிறாள், அதில் ஒரு தம்பதி உழவர்கரையிலிருந்து ஸ்கூட்டரில் கோணிப்பையோடு வந்திருக்கிறார்கள், மேரியில், அதாவது முனிசிபாலிட்டி ஆபீசில், குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற தெய்வசிகாமணி அவர்களுக்குத் தலைவலிகூடக் கிடையாது, அவரும் பிடுங்குகிறார், ஏன் ஐயா என்றால் 'இருக்கட்டும் மேரியம்மா, ஒரு முன்னெச்சரிக்கைதான்' என்கிறார், நான் காய் பிடித்த செடியை விதைக்கு விட்டுவிட்டு மீதியைத்தான் பறிப்பேன், இவர்கள் வேரோடு பிடுங்கி வியாழக்கிழமைக்குள் அந்த மனையில் ஒரு செடி இல்லாமல் பண்ணிவிட்டார்கள், போர்டு எழுதுகிற நாராயணசாமிக்கு எந்நேரமும் கையில் மஞ்சள் பெயிண்ட் இருக்கும், 'கை மஞ்சளாக இருந்தால் கவனம்' என்று தாங்கள் போட்டதைப் படித்துவிட்டு அவர் சம்சாரம் ஆதிலட்சுமி அவரைக் கட்டிலில் படுக்கவைத்து மூன்று வேளையும் ஊற்றியிருக்கிறாள், அந்த மனுஷன் பெயிண்டுதான்டி பெயிண்டுதான்டி என்று கத்தியும் விடவில்லை, இது போதாது என்று ரிக்‌ஷாக்காரர் கண்ணையன், தாங்கள் 'தகுந்த திரவத்தில் கலந்து உண்ணவும்' என்று எழுதியதை யாரோ படித்துச் சொல்ல, தனக்குத் தெரிந்த தகுந்த திரவத்தில் கலந்து சாராயக்கடை வாசலிலேயே குடித்துவிட்டு, காமாலை இல்லாத மனுஷன், 'மேரியம்மா மருந்து சூப்பர்' என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போகிறார். புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு தகுந்த திரவம் என்று எழுதினால் ஜனங்கள் எதை எடுப்பார்கள் என்று ஒரு ஆசிரியர் யோசிக்க வேண்டாமா?

இதில் பெரிய கூத்து, வாத்தியாருக்குத் தெரிந்ததே பாதிதான். எந்தத் திரவம் என்று அவருக்குத் தெரியாது, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தவர். எவ்வளவு தழை என்று தெரியாது, 'போதிய அளவு' என்று எழுதிவிட்டார். பத்தியம் தெரியும். அதை எழுதவில்லை, எழுதினால் இரண்டாம் நாளே நண்டுக்குழம்பு சாப்பிட்டது வெளியே வந்துவிடும்.

மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்ல மாட்டேன். ஆயர் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன், கவர்னர் கார் அனுப்பிக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன் பிரான்சிலிருந்து ஒரு மதாம் டேப் ரெக்கார்டரோடு வந்து உட்கார்ந்தாள். காபி கொடுத்து அனுப்பினேன். தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

ஆகையால் தாங்கள் அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே கொட்டை எழுத்தில், 'ஆறாம் தேதி இதழில் வந்த தழையின் பேர் அச்சுப்பிழை' என்று போட வேண்டும். அது பொய்யல்லவா என்று கேட்பீர்கள். தங்கள் இதழில் பொய் வருவது இதுதான் முதல் தடவையா? போடாவிட்டால், இருபத்திரண்டு வருஷமாக என் கையால் மருந்து குடித்தவர்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வந்து தங்கள் அச்சகத்து வாசலில் உட்காருவேன். பாதி நெல்லித்தோப்பு வரும். தண்ணீர் தயாராக வையுங்கள்.

தங்களுக்கும் தங்கள் கல்லீரலுக்கும் ஒரு குறையும் வராமல் தேவமாதா காப்பாளாக. அப்படி வந்தாலும் என் வாசல் திறந்துதான் இருக்கும், கூச்சப்படாமல் வரலாம்.

இப்படிக்கு,
ஆனந்தமேரி

பி.கு. 16-11-1983. மேலே உள்ளதை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் வீராம்பட்டினத்திலிருந்து கன்னியம்மாள் என்கிற மீன்காரம்மா தன் மகள் சின்னப்பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஏழு வயசுப் பிள்ளை. தலை நிற்கவில்லை.

"கண்ணு மஞ்சளா இருந்துச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்த மாதிரியே குடுத்தேம்மா. ஒரு கைப்பிடி அரைச்சு சோடாவுல கலந்து அஞ்சு நாளா குடுத்தேன். வயித்தால போறது நிக்கல" என்றாள்.

"போன வருஷம் இவ அப்பனுக்கு நான்தான குடுத்தேன்? ஏன் எங்கிட்ட வரல?"

"பேப்பர்லயே வந்துடுச்சே, ஒங்கள எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னுதாம்மா."

நான் ஒன்றும் கொடுக்கவில்லை. ஸ்டெல்லாமேரி கண்ணையன் ரிக்‌ஷாவைக் கூப்பிட்டாள், பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நான்தான் கொடுத்தேன் என்று நினைத்து டாக்டர் என்னைத் திட்டினார். வாங்கிக்கொண்டேன். இரண்டு நாள் பாட்டில் ஏற்றி, இன்று காலையில்தான் பிள்ளை எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டது. அதுவரைக்கும் எனக்கு உயிரே இல்லை.

பாதியைத் தாங்கள் போட்டீர்கள். மீதியை நான் வாயில் அடக்கிக்கொண்டு வீராப்பாக உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளையைப் படுக்கவைத்ததில் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு. ஆகையால் அச்சுப்பிழை என்று போட வேண்டாம். இதைப் போடுங்கள். தழை கீழாநெல்லி. சொல்லவே வாய் கூசுகிறது. பெரியவர்களுக்கு நெல்லிக்காய் அளவு, பிள்ளைகளுக்குச் சுண்டைக்காய் அளவு, அதற்குமேல் ஒரு பொட்டுக்கூடக் கூடாது. மூன்றே நாள். உப்பு, புளி, எண்ணெய், மீன், நண்டு ஆகாது. நண்டு என்பதைப் பெரிய எழுத்தில் போடவும். மூன்று நாளில் மூத்திரம் தெளியாவிட்டால் ஆஸ்பத்திரி. பிள்ளை சோர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கலக்க வேண்டியது வெள்ளாட்டுப் பால்.

இதைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினேன். பேனா மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்னடி எழுதற?"

"சீரகம் ஒரு சிட்டிகை அத்தை."

"அத நான் இன்னும் சொல்லலியே."

பேனா நின்றது.

"எத்தினி நாளாத் தெரியும்?"

"வந்த மூணாம் மாசத்துலேர்ந்து."

"ஏன்டி ஒரு வார்த்த சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு நீங்கதான அத்தை சொன்னீங்க."

ஆசிரியர் அவர்களே, என் கை இன்றோடு ஓய்ந்தது. ஆனால் தழையின் பேரைச் சொன்னது நான். அவள் எழுதத்தான் எழுதினாள், வாயால் இந்த நிமிஷம் வரைக்கும் சொல்லவில்லை. நாளை விடிகாலையிலிருந்து எங்கள் வீட்டில் அரைப்பது ஸ்டெல்லாமேரி. காசு கிடையாது. வருகிறவர்கள் வரலாம் என்று அதையும் சேர்த்துப் போடுங்கள்.