மலேயா லைசென்சும் மாகறல் ரிவர்சும்

காரை முன்னால் ஓட்டுவதற்குத் துணிச்சல் போதும். பின்னால் எடுப்பதற்குத்தான் படிப்பு வேண்டும். இந்த உண்மையை ஒரு மனிதன் எங்கே வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். பெண் பார்க்கப் போகிற வழியில் மட்டும் கற்றுக்கொள்ளக் கூடாது. நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். உத்திரமேரூரில் எங்கள் தெருவிலேயே டிரைவிங் லைசென்ஸ் வைத்திருந்த ஒரே ஆள் நான். (கார் வைத்திருந்த ஆள் யாரும் கிடையாது. அது வேறு விஷயம்.) நான் ஓட்டக் கற்ற வண்டியில் ரிவர்ஸ் கியர் உடைந்துபோயிருந்தது. "முன்னால போறதுக்குத்தாம்ப்பா வண்டி. பின்னால போறதுக்கு இன்னாத்துக்கு வண்டி?" என்று கற்றுக்கொடுத்தவர் சமாதானம் சொல்லிவிட்டார். டெஸ்ட் அன்று நான் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சோதிக்க வந்தவர் குடையை விரித்தபடியே "போதும், போதும்" என்றார். வருண பகவான் தயவில் பாஸ். அன்று முதல் அந்தச் சின்னப் புத்தகம் என் சட்டைப் பையில் பாதி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். கத்தரிக்காய் வாங்கப் போனாலும் லைசென்சோடுதான் போவேன்.

வயலில் இறங்கி வேலை செய்யத் துப்பில்லாத எனக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வரவில்லை. மாகறலில் ஒரு விவசாயி மட்டும், "டிரைவர் மாப்ளயா? வந்து பாக்கச் சொல்லுங்க" என்று சொல்லியனுப்பினார். ஆக, என்னிடம் இருந்த ஒரே தகுதி அந்த லைசென்ஸ். அதை எடுத்துவிட்டால் நான் வெறும் ஏகாம்பரம்.

அந்தச் சமயம் பார்த்து என் அக்கா புருஷன் கன்னியப்பன் மாமா மலேயாவிலிருந்து வந்திறங்கினார். கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவர். பெண் பார்க்க பஸ்ஸில் போகலாம் என்று அக்கா சொன்னதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பஸ்லயா? மலேயாக்காரன் மச்சான் பஸ்ல போய் எறங்கினா இன்னா மரியாத? கார் வாடகைக்கு எடுக்கறோம். நானே ஓட்டறேன்."

ஊரில் வாடகைக் கார் வைத்திருந்தவர் ஒரு பாய். அவருடைய டிரைவர் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தான். மாமா தன் மலேயா லைசென்ஸை எடுத்து, ஏதோ தங்கக் காசை நீட்டுகிற மாதிரி நீட்டினார். பாய் அதை வாங்கக்கூட இல்லை.

"இது செல்லாது நைனா."

"இன்னா பாய், போன தபா வந்தப்ப இதே பொஸ்தகத்தக் காட்டித்தான ஒங்க வண்டிய ஓட்டினேன்?"

"அது போன தபா. இப்ப ரூல் மாறிப்போச்சு. வெளிநாட்டு லைசென்ஸ் மட்டும் பத்தாதாம். அதுங்கூட இன்னொரு பர்மிட்டும் அங்கயே வாங்கியாரணுமாம். போன மாசம் சிலோன்காரர் ஒருத்தருக்கு வண்டி குடுத்துட்டு நான் பட்ட பேஜார் எனக்குத்தான் தெரியும். இந்த ஊரு லைசென்ஸ் இருந்தா எட்த்துக்கினு போங்க."

மாமாவின் முகம் தொங்கிப்போனது. பிறகு மெதுவாக அது என் பக்கம் திரும்பியது. திரும்பும்போதே மலர்ந்தது. அவர் பார்வை என் சட்டைப் பையில் வந்து நின்றது.

"இந்தாங்க பாய், லைசென்ஸ்! எங்க மச்சான் கைல இல்லாததா?"

அந்த இடத்தில் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பாய் என் லைசென்ஸைப் பிரித்துப் பார்த்து, "மாஷா அல்லா, சுத்தமா கீது" என்றார். என் வாழ்க்கையில் யாரும் எதையும் அவ்வளவு மரியாதையாகப் பிரித்துப் பார்த்ததில்லை. மயங்கிவிட்டேன். காரும் தெருவைப் பார்த்தபடியே நின்றிருந்தது. முன்னால் போனால் போதும்.

மாமா பக்கத்தில், அக்கா பின்னால் தாம்பாளத்தோடு. உத்திரமேரூரைத் தாண்டியதும் ரோடு நேராக இருந்தது. நானும் நேராக இருந்தேன். மாமா வழியெல்லாம் கிள்ளான் ரோடுகளின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பெருமையில் லயித்துப்போய்ப் பெண் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய வாய்க்கால் கரையைத் தாண்டி நான் மாகறலுக்குள்ளேயே போய்விட்டேன்.

"மச்சான், வழி பின்னாடி போச்சு. ரிவர்ஸ் எடு" என்றார் மாமா.

எனக்கு வியர்த்தது. எதிரே கோயில் கோபுரம் தெரிந்தது.

"நல்ல காரியத்துக்குப் போறோம். சாமிய ஒரு சுத்து சுத்திட்டுப் போலாம் மாமா" என்றேன்.

சிவபெருமானைக் காரிலேயே பிரதட்சிணம் செய்து, வந்த வழிக்குத் திரும்பினேன். பின்னாலிருந்து அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "என் தம்பிக்கு எவ்ளோ பக்தி பாருங்க" என்று அவள் மாமாவிடம் சொன்னது இன்றும் என் காதில் கேட்கிறது. (பக்தி இல்லக்கா, பயம்.)

பெண் வீட்டுக்குப் போகிற வழி ஒரு வாய்க்கால் கரை. ஒரு வண்டி போகலாம். இரண்டாவது வண்டிக்கு இடமில்லை. ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் அப்போதுதான் நடவு நட்ட வயல். பாதிக் கரை போயிருப்போம். எதிரே ஒரு மாட்டு வண்டி வந்தது. வண்டி நிறைய எரு. ஓட்டிக்கொண்டு வந்தது ஒரு பெண். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

நான் ஹாரன் அடித்தேன். மாடுகள் காதை ஆட்டின. அவள் அசையவில்லை.

"யோவ், ஹாரன் அடிச்சா எருவெல்லாம் பறந்துபூடுமா? பாரம் ஏத்தின வண்டி. நீ பின்னால எடு" என்றாள்.

"இது பின்னால போற வண்டி இல்ல" என்றேன். கௌரவமாகத்தான் சொன்னேன்.

"மாடே பின்னால போவுது. காருக்கு இன்னா கேடு?"

பக்கத்து வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மாமா என் காதருகே குனிந்தார்.

"மச்சான், எறங்கு. நான் எடுக்கறேன்."

இறங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை. ஆனால் அத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க டிரைவர் மாப்பிள்ளை எப்படி இறங்குவான்?

"ஒங்க லைசென்ஸ் இங்க செல்லாது மாமா. ரூல் மாறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த கியர்க் கம்பியைப் பிடித்தேன். ரிவர்சுக்கு அதை மேலே தள்ள வேண்டுமா, கீழே தள்ள வேண்டுமா? யோசித்தேன். கீழே தள்ளி, ஆக்சிலேட்டரை மிதித்து, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தேன்.

கார் முன்னால் பாய்ந்தது.

நான் பின்னால் பார்த்துக்கொண்டிருந்ததால் அது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. அக்கா அலறினாள். மாடுகளின் மூக்கு கண்ணாடிக்கு நேரே வந்துவிட்டது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். கார் கரையிலிருந்து நழுவி, முன் சக்கரங்கள் இரண்டும் நடவு வயலில் புதைய, பின்பக்கம் கரைமேல் தூக்கிக்கொண்டு நின்றது. அக்காவின் தாம்பாளத்திலிருந்த வாழைப்பழமும் வெற்றிலையும் என் தலைமேல் வந்து விழுந்தன. மாலை போட்டதுபோல் ஒரு சாமந்திச் சரம் கழுத்தில் மாட்டிக்கொண்டது.

எருவண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பெரியவர் ஓடி வந்தார். வயலைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். பிறகு காருக்குள் அக்காவையும் தாம்பாளத்தையும் பார்த்து இன்னும் அழுத்தமாகக் கை வைத்தார்.

"ஐயய்யோ, மாப்ள வூட்டுக்காரங்க! சாயங்காலம்தான வரதா சொன்னாங்க? வாசல்ல எருக்குப்ப கீதே, நீங்க வரதுக்குள்ள வாரிடலாம்னு நெனச்சனே!"

வயல் அவருடையது. எரு அவருடையது. எருவண்டி ஓட்டிய தனம் அவருடைய மகள். அதாவது, நான் பார்க்க வந்த பெண்.

அவள் சட்டென்று தலைத்துண்டை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன். தோள் குலுங்கியபோதுதான் சிரிப்பு என்று தெரிந்தது. அவள் சிரித்ததும் நடவுப் பெண்கள் அத்தனை பேரும் அனுமதி கிடைத்ததுபோல் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சேற்றுக்குள்ளேயே ஒரு நாற்றாக முளைத்துவிட மாட்டோமா என்றிருந்தது.

மாமா இறங்கித் தள்ளிப் பார்த்தார். அவருடைய மலேயா சில்க் சட்டை சேறானதுதான் மிச்சம். தனம்தான் மாடுகளை நுகத்திலிருந்து அவிழ்த்து, வயல் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து, காரின் பின்பக்கத்தில் கயிறு கட்டினாள். என் கதவருகே வந்து நின்றாள்.

"ஸ்டேரிங்க நேரா புடிச்சிக்கினு கம்முனு குந்துங்க. வேற ஒண்ணத்தயும் தொடாதீங்க."

யோவ் போய் 'ங்க' வந்துவிட்டது. அந்த நிலைமையிலும் நான் அதைக் கவனித்தேன்.

"ஹை... ஹை!" என்றாள். கார் பின்னால் நகர்ந்தது. சேற்றிலிருந்து கரைக்கு ஏறி, கரையிலிருந்து ரோடு வரைக்கும், கழுத்தில் சாமந்தியோடு நான் உட்கார்ந்திருக்க, மாடுகள் என்னை ரிவர்ஸில் இழுத்துப் போயின. வாழ்க்கையில் நான் முதன்முதலாகச் சரியாக எடுத்த ரிவர்ஸ் அது.

ரோட்டுக்கு வந்ததும் மாமா பரிதாபமாகக் கேட்டார்: "ரிவர்ஸ் தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா மச்சான்?"

"நீங்க பெருமையா பேசிக்கினு இருந்தீங்க மாமா. நடுவுல சொல்ல மனசு வரல."

மாடுகளை மறுபடி பூட்டி, நடவுப் பெண் ஒருத்தி ஓட்ட, எருவண்டி போனது. நாங்கள் வீட்டுக்குப் போனோம், நடந்து. பெண்ணின் அப்பா வயல் பக்கமே பார்த்தபடி காபி கொடுத்தார். அவர் கண் முன்னால் நசுங்கிய நாற்றுதான் நின்றிருக்க வேண்டும். தொண்டையைக் கனைத்தார்.

"டிரைவர் மாப்ளன்னு சொன்னாங்க. அதான் யோசனையா கீது..."

எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்திருக்கப் போனேன். உள்ளேயிருந்து தனத்தின் குரல் கேட்டது. கிசுகிசுப்பதாக அவள் நினைத்திருக்கலாம். தெருவுக்கே கேட்டது.

"நைனா, வேணாம்னு சொல்லிடாத. அந்தாளத் தனியா வுட்டா எங்கனா போய் வுயுந்துடும். நானே கட்டிக்கிறேன்."

அப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. நான் அதற்குப் பிறகு காரைத் தொடவில்லை. மாமா மலேயாவுக்குத் திரும்பிப் போய் இந்தக் கதையைத் தோட்டம் தோட்டமாகச் சொல்லியிருக்கிறார். மாடுகள் ஒவ்வொரு தோட்டத்திலும் பெருகி, கடைசித் தோட்டத்தில் யானையாகிவிட்டதாகக் கேள்வி.

பல வருஷங்கள் கழித்து மாமாவின் பேத்தி கல்யாணத்துக்காக நாங்கள் கிள்ளானுக்கே போனோம். விமான நிலையத்தில் என் மகன் கார் வாடகைக்கு எடுத்தான். கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண் அவனுடைய லைசென்ஸையும், ஊரிலேயே வாங்கி வந்திருந்த பர்மிட்டையும் சரிபார்த்துவிட்டு, ஒதுங்கி நின்ற என்னைப் பார்த்தாள்.

"இன்னொருத்தர் பேரும் சேத்துக்கலாம். ஐயாவும் கார் ஓட்டுவாரா?"

நான் இல்லை என்று தலையாட்டுவதற்குள் தனம் முந்திக்கொண்டாள்.

"நல்லா ஓட்டுவாரும்மா. ஒங்ககிட்ட ஒரு ஜோடி மாடு கெடைக்குமா?"