பங்கருக்குள் விறகு அடுக்கிய விபரம்

உ

கல்லடி,
24.11.1992

கனம் பொருந்திய அத்தான் சாமித்தம்பி அவர்கட்கு, உங்கள் தங்கச்சி சின்னத்தங்கத்தின் புருஷன் அழகரத்தினம் பணிவோடு எழுதிக்கொள்வது. கரடியனாற்றில் நீங்களும், மச்சாளும், மாடு கன்றுகளும், வயல் வட்டையில் நிற்கிற வேளாண்மையும் மாமாங்கப் பிள்ளையார் காவலில் குறைவின்றி இருக்க வேண்டுகிறேன். இங்கு நானும் உங்கள் தங்கச்சியும் மகள் கண்ணகையும் உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை வருகுதில்லை.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு விரிவாக அழுகிறேன். ஒரு தோணி காய்ந்த விறகு வேண்டும். கண்ணகைக்கு இது நிறைமாதம். மருமகனோ கட்டாரில். பிள்ளை பிறந்தால் வெந்நீருக்கும் பெற்றவளுக்கு வைக்கிற சரக்குக் கறிக்கும் முப்பத்தொரு நாளும் அடுப்பு அணையக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மண்ணெண்ணெய் கூப்பனுக்கு ஒரு போத்தல், அது விளக்குக்கே காணாது. இன்றைய திகதியில் என் வீட்டில் ஒரு கேத்தில் தேத்தண்ணி கொதிக்க ஒரு மணித்தியாலமும் மூன்று பேர் ஊதுகிற மூச்சும் தேவைப்படுகிறது. ஆவணி மாதம் நீங்கள் ஆளனுப்பி, "கொள்ளி ஒரு தோணி ஏத்தி விடட்டாம், வேணுமா?" என்று கேட்டபோது, "அத்தானக் கரைச்சல்பட வேணாமெண்டு சொல்லு, என்னட்டத் திட்டம் இரிக்கு" என்று சொல்லி அனுப்பிய வாய் இதே வாய்தான். அந்த வாயைத்தான் இப்போது திறக்கிறேன்.

திட்டம் என்னவென்று கேளுங்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருபத்தொன்பது வருடம் குளங்களின் நீர்மட்டம் அளந்து எழுதியவன் நான். ஒரு பொருளை அளந்து இலக்கம் போடாவிட்டால் எனக்கு அது பொருளே இல்லை. ஆகவே விடிந்ததும் சைக்கிளில் கடற்கரைக்குப் போய்ச் சவுக்கங் கொம்பு, தென்னம் மட்டை, டவுனில் மரம் அரிகிற இடத்தில் கழித்துப் போட்ட துண்டுகள் என்று கட்டிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றிலும் நீலப் பெயின்ற்றால் இலக்கம் போட்டேன். காய்ந்ததற்குப் பக்கத்தில் 'கா', பச்சைக்குப் பக்கத்தில் 'ப'. சில கட்டைகளுக்கு வழியிலேயே இலக்கம் போட்டதுதான் பிழையாகிவிட்டது. கல்லடிப் பாலத்து ஆமிச் சென்றியில் காவல் நின்ற சிங்களப் பையன் கட்டை அவிழ்த்து, 'கா 57' என்பதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மே மொக்கத?" என்றான், இது என்னவென்று. நான் ஈரப்பதன் பற்றி விளக்கம் கொடுத்தேன். விளக்கம் கொடுக்கக் கொடுக்க இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அரை மணித்தியாலம் வெயிலில் நின்றேன் அத்தான், சைக்கிளும் நானும் கா 57உம்.

அந்த நேரம் பார்த்து எங்கள் பக்கத்து வளவு வல்லிபுரம் வந்தார். வீச்சுவலைக்காரர், அம்பாறைப் பக்கம் மீன் விற்றுச் சிங்களம் பழகினவர். அவர் ஏதோ சொல்லித் தன் தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுற்றிக் காட்டினார். ஆமிக்காரர்கள் சிரித்துப் போட்டு என்னைப் போகச் சொன்னார்கள். "என்ன வல்லிபுரம் சொன்னீங்க?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லண்ணன். பென்சன் எடுத்த மனிசன், அளந்து அளந்து மண்ட கொஞ்சம் ஆடிப்போச்சு எண்டன்" என்றார். நன்றி சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை.

சேர்த்தாயிற்று, வைப்பது எங்கே? இந்த வளவு உங்கள் குடும்பம் தங்கச்சிக்குத் தந்த சீதனம். ஒன்பது பேர்ச் காணி. குறை சொல்லவில்லை. அதற்குள் வீடு, குசினி, கிணறு, கக்கூசு, மூன்று தென்னை, செல்லடிக்குப் பதுங்கத் தொண்ணூறாம் ஆண்டு வெட்டின பங்கர், பிறகு ஒரு மூலையில் சீதன வீட்டுக்கு வந்த நான். வீட்டுச் சுவரோடு அடுக்கினேன், "கறையான் ஏறும், எடுங்க" என்றா உங்கள் தங்கச்சி. வேலியோடு நெஞ்சளவு உயரத்துக்கு அடுக்கினேன். ரோந்து வந்தவர்கள் அதற்குப் பின்னால் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று கேட்டுக் கடைசிக் கட்டை வரை என்னைக்கொண்டே பிரிப்பித்தார்கள். பின்னால் ஒரு அடைகாக்கிற கோழிதான் இருந்தது. அதுவும் எழும்பிப் போய்விட்டது, பதினொரு முட்டையும் கூழ்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பெரிய யோசனை வந்தது. பங்கர்! மேலே பனங்குற்றி, அதற்கு மேலே மணல் மூடை, மழை படாது, வெயில் படாது, கள்ளன் படாது. ஆறடிக்கு நாலடி, ஆழம் ஐந்து. அளவெடுத்து, இலக்க வரிசையில், ஒரு ஈர்க்குக் கூட நுழையாதபடி அடுக்கி முடித்தேன். முடித்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே ஒரு வெற்றிலை போட்டேன்.

இதற்கிடையில் களவு தொடங்கியது. அடுக்குவதற்கென்று முற்றத்தில் காய வைத்ததில் நாளுக்கு இரண்டு கட்டை குறையும். அதுவும் 'கா' மட்டும்தான். 'ப' ஒன்றையும் தொடமாட்டான் கள்ளன். கா 11, கா 14, கா 23 என்று காணாமல் போனதெல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். யாராக இருக்கும்? வல்லிபுரம் வீட்டுக் குசினியில் மழை நாளிலும் புகை நேராகப் போகிறது அத்தான்! அவரோடு பேச்சை நிறுத்தினேன். வேலியை இரண்டு முழம் உயர்த்தி முள்ளுக்கம்பியும் போட்டேன். கிராம சேவகருக்கு மனு ஒன்றும் வரைந்து வைத்திருக்கிறேன், கொடுப்பதா விடுவதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் தங்கச்சியோ, "அந்த மனிசன ஏன் சும்மா பழி சொல்றீங்க? பாவம் பிடிச்சிரும்" என்று அவருக்காகப் பரிந்து பேசுகிறா. அவவின் மனது அப்படி. என்மேலும் இப்போது பட்சம் கூடிவிட்டது. எனக்கு வாடைக் குளிர் அடிக்குமாம், கட்டிலைச் சுற்றி நிலம் முட்டப் பழைய சேலை கட்டித் தொங்கவிட்டிருக்கிறா. முப்பது வருடத்தில் இல்லாத கரிசனை. கட்டிலில் எறும்புதான் இரண்டு மாதமாகத் தாங்க முடியவில்லை. நான் படுக்கையில் பலகாரம் தின்கிறேனாம், அதனாலாம்.

போன மாதம் ஒரு பகல், ஆற்றுக்கு அங்கால் சண்டை தொடங்கிச் செல் கூவிக்கொண்டு வந்தது. மூன்று பேரும் பங்கருக்கு ஓடினோம். வாசலில் என்னை வரவேற்றது கா 88. ஒரு ஈர்க்குக் கூட நுழையாது என்று எழுதினேன் அல்லவா, நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த பிள்ளை எப்படி நுழையும்? குசினிச் சுவரோடு குப்புறப் படுக்கப் பார்த்தோம். கண்ணகைக்குப் படுக்கவும் ஏலாது, ஒருக்களித்து இருக்க வைத்து அவளுக்கு மேலே நான் கவிழ்ந்து நின்றேன். அப்போது உங்கள் தங்கச்சி சொன்னா: "பயப்படாதீங்க. செத்தாலும் நமக்குக் கொள்ளிக்குக் குறைவில்ல." பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. நான் தலை குனிந்து நின்றது செல்லுக்கு மட்டுமல்ல. வெட்கத்துக்கும்தான்.

அதற்குப் பிறகாவது எடுத்திருக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தேன். மாரி பிடித்தது. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், நடுவில் இந்த மணல் திட்டு. இரண்டடி தோண்டினால் மாரியில் தண்ணீர் ஊறும் என்று கல்லடியில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். இருபத்தொன்பது வருடம் நீர்மட்டம் அளந்தவனுக்குத் தெரியவில்லை! நேற்று எட்டிப் பார்த்தேன். பங்கருக்குள் தண்ணீர் மூன்றடி நாலு அங்குலம் (அளந்தேன், பழக்கம் விடாது). 'கா' எல்லாம் 'ப' ஆகி, இலக்கம் மேலே தெரிய மிதக்கிறது. கண்ணகை எட்டிப் பார்த்து, "அப்பா, வரிசை கொஞ்சம் குழம்பிப் போச்சு" என்றாள்.

அத்தான், சிரித்து எழுதுகிறேனே தவிர எனக்குப் பயம். பிள்ளைக்கு எந்த நேரமும் வலி எடுக்கலாம். வெந்நீர் வைக்க வீட்டில் ஒரு காய்ந்த சுள்ளி இல்லை. என் வீம்பை மறந்து, இரண்டு மூன்று நாளில் ஒரு தோணி ஏற்றிவிடுங்கள். இந்தக் கடிதத்தை யார் கையில் கொடுத்து விடுவதென்றும் தெரியவில்லை. வல்லிபுரம் கையில் மட்டும் கொடுக்கமாட்டேன். மச்சாளுக்கு எங்கள் அன்பு. வீட்டு மாடுகளுக்கும் வயலுக்கும் அம்மாளாச்சி துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சியின் வளவில் குடியிருக்கும்,
க. அழகரத்தினம்

பி.கு: மேலே வைத்த கையெழுத்து காயுமுன் கண்ணகைக்கு வலி எடுத்துவிட்டது. கொட்டுகிற மழை, பாலத்தில் சோதனை, வாகனம் ஒன்றும் இல்லை. நான் முற்றத்தில் நின்று கத்தியது கேட்டு, நான் உயர்த்தின வேலிக்கு மேலால் முள்ளுக்கம்பியில் உடுத்திருந்த சாரத்தைக் கிழித்துக்கொண்டு பாய்ந்து வந்தார் வல்லிபுரம். என் சைக்கிளிலேயே போய், மருத்துவிச்சி அன்னப்பூரணியை முன் பாரில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவ வந்ததும் வராததுமாக, "சுடுதண்ணி எங்ககா?" என்றா. நான் சொட்டச் சொட்டக் கா 88ஐத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

உங்கள் தங்கச்சி என்னை ஒருமுறை பார்த்தா. "அதப் போட்டுட்டு இஞ்ச வாங்க. கட்டில ஒரு பக்கம் பிடிங்க" என்றா. சேலையை உருவி, கட்டிலை நகர்த்தினோம். கீழே மூன்று வரிசை, எலும்பாகக் காய்ந்த விறகு. கா 11, கா 14, கா 23, எல்லாம் என் கையெழுத்து. இரண்டு மாதமாக அதன் மேல்தான் நான் படுத்திருக்கிறேன். "ஏன் சொல்லல்ல?" என்றேன். "சொன்னா அளந்து பங்கருக்குள்ள போட்டிருப்பீங்க" என்றா. பத்து நிமிடத்தில் தண்ணீர் கொதித்தது. பின்னேரம் நாலு மணிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. ஒன்பது பேர்ச்சுக்கும் உரித்தாளி வந்துவிட்டாள் அத்தான், தாயும் பிள்ளையும் சுகம். நான் கிணற்றடிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஆகவே விறகு வேண்டாம், பிள்ளையின் முப்பத்தொன்றாம் நாளுக்குக் கட்டாயம் வாருங்கள். மனுவை அடுப்பில் போட்டுவிட்டேன், நன்றாக எரிந்தது. இந்தக் கடிதத்தையும் போட்டிருப்பேன், வேறு தாள் வீட்டில் இல்லை. நாளை விடிய உங்கள் பக்கம் படுவான்கரைக்குத் தோணி விடுகிற வல்லிபுரம்தான் இதைக் கொண்டு வருகிறார். தயவு செய்து அவர் முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டாம். சற்று முன் கிழிந்த சாரத்தோடு வந்து நின்று, "அண்ணன், கரடியனாத்துக்கு எழுதுறீங்களாம், என்னப் பத்தியும் ரெண்டு சொல்லுப் போட்டீங்களா?" என்று கேட்டார்.

"ஓம் வல்லிபுரம், நிறையவே போட்டிருக்கன்" என்றேன். மனிசன் வெட்கப்பட்டுச் சிரிச்சிட்டுப் போறார்.