தானாய்ச் சிவந்த விரிப்புகள்

‘தானா’ என்றொரு மனித இனம் உண்டு. தேடிப் போக வேண்டாம், உங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கும். அவர் எதையும் உடைக்க மாட்டார். டம்ளர் உடைஞ்சு போகும், பால் பொங்கி வழிஞ்சிடும், கதவு ராத்திரி முழுக்கத் திறந்தே கிடந்திருக்கும். பக்கத்தில் ஒரு ஆள் நின்றார், அவருக்கு இரண்டு கை இருந்தது என்பது மட்டும் பேச்சில் வரவே வராது. ஆனால் நல்லது ஒன்று நடக்கட்டும், எங்கிருந்தோ குதித்து வருவார். “என்னாலதான் ஆச்சு!”

ஆண்டவனே இந்த உலகத்தை ‘நான்தான் படைத்தேன்’ என்று ஒப்புக்கொண்டிருக்கிறான். இத்தனை குறையோடு இருந்தும்! ‘எப்படியோ படைக்கப்பட்டுவிட்டது’ என்று நழுவினானா?

நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்துக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் வெளுக்க வரும். அங்கே எங்கள் மேற்பார்வையாளர் இந்த இனத்தில் முதல் தரம். ‘விடுப்பு மறுக்கப்படுகிறது’ என்று சுவரில் ஒட்டுவார். மறுத்தவர் யார்? அந்தச் சுவருக்குக் கீழே உட்கார்ந்து பேனாவை மூடிக்கொண்டிருப்பார்.

என் தங்கை மகள் கல்லூரியில் மொழிகளைப் பற்றிப் படிக்கிறாள். அவளிடம் சொன்னேன். சிரித்தாள்.

“இதுக்குச் செயப்பாட்டு வினைன்னு பேரு பெரியம்மா. பட்டதை முன்னால நிறுத்திட்டு, செஞ்சவனைப் பின்னால தள்ளிடறது. சொல்லாமலே கூட விட்டுடலாம். நிறைய மொழியில இருக்கு. சிலதுல கிடையாது.”

“கிடையாதா! அங்கே இவரை மாதிரி ஆளுங்க எப்படிடி பொழைக்கிறாங்க?”

“‘யாரோ பண்ணிட்டாங்க’ன்னு சொல்லிப் பொழைச்சுக்குவாங்க.”

போன மழையில் ஒருநாள், மெஷினைத் திறந்தால் அத்தனை வெள்ளை விரிப்பும் ரோஜா நிறம். முதலாளியம்மா வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

“என்னய்யா இது?”

“செவந்துடுச்சும்மா,” என்றார் மேற்பார்வையாளர்.

“வெக்கப்பட்டுச் செவந்துச்சா? யாரு எதைப் போட்டா?”

“சிவப்புத் துணி ஒண்ணு... போடப்பட்டிருக்கு.”

“யாரால?”

“மெஷின்கிட்ட அந்தப் புதுப் பொண்ணுதான் நின்னுச்சு.”

பார்த்தீர்களா? அடுத்தவர் என்றதும் ஆள் எப்படி டக்கென்று வந்து நிற்கிறார்!

அந்தப் பெண் கைக்குழந்தைக்காரி. இந்த வேலை போனால் வேறு போக்கிடம் கிடையாது. முதலாளியம்மா அவள் பக்கம் திரும்பினார். “நாளையிலேருந்து வராதே.”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நான்தாம்மா போட்டேன். இல்லேங்கல. சார் நனைஞ்ச மப்ளரைக் குடுத்து, ‘இதையும் உள்ள தள்ளும்மா’ன்னாரு. குடுத்தது அவரு, போட்டது நானு.”

முதலாளியம்மா ஒரு விரிப்பை இழுத்து உதறினார். உள்ளேயிருந்து சிவப்பு மப்ளர் சொத்தென்று விழுந்தது. தினமும் மேற்பார்வையாளர் கழுத்தில் நாங்கள் பார்க்கிற மப்ளர்.

அவர் தொண்டையைச் செருமினார். “மப்ளர் வந்து... குடுக்கப்...” என்று ஆரம்பித்தார். மிச்சம் நாக்கு நுனியில்தான் இருந்தது. அதற்குள் அந்தப் பெண்ணின் முகம் கண்ணில் பட்டுவிட்டது. குனிந்து மப்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“என்னாலதாம்மா ஆச்சு,” என்றார்.

வழக்கமாகக் குதித்து வரும் அதே வார்த்தைதான். அன்றைக்கு மெதுவாக நடந்து வந்தது.

அவள் வேலை பிழைத்தது. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பொழுது சாயும்வரை அவளோடு நின்று விரிப்புகளை அலசினார். அவருக்கு நல்ல புத்தி கொடுத்த ஆண்டவனுக்கு நான் நன்றி சொல்லிக்கொண்டேன். மறுநாள் விரிப்புகள் பளிச்சென்று வெளுத்துக் காய்ந்தன.

“பாத்தீங்களா? என்னாலதான்!” என்றார்.

போகட்டும் என்று விட்டோம்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். நேற்று உங்கள் வீட்டுக் குழாய் மூடாமல் தண்ணீர் முற்றம் வரை ஓடியதே, கேட்டதற்கு என்ன சொன்னீர்கள்? “மறந்து போச்சு” என்றுதானே?

மறந்தது யாருங்க?