குடல் ஞானி கேட்ட அழுகை

கூட்டமென்றால் கூட்டம், அப்படியொரு கூட்டம்! வரிசை மண்டபத்தைத் தாண்டி, தையற்கடையைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்தையும் விழுங்கிவிட்டது. பேருந்துக்கு வந்தவர்கள்கூட எதற்கென்று கேட்காமல் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். உள்ளே குடல் ஞானி வீற்றிருந்தார். வயிற்றுக் கிருமிகளோடு பேசத் தெரிந்த ஒரே மனிதராம்!

வயிற்றில் நல்ல கிருமிகள் உண்டு என்பது மெய்தான். உண்டதைச் செரிக்க உதவுகின்றன. கெட்டவை குடியேறாமல் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. யாரோ கண் பூக்க ஆராய்ந்து சொன்னதை ஞானி ஓசியில் எடுத்துக்கொண்டார். பேசுகிற வேலையை மட்டும் சொந்தமாகச் சேர்த்தார்.

வரிசையில் நீராவி அக்காவும் தங்கைக்குத் துணையாக நின்றாள். மருத்துவமனையில் கத்தி, கத்திரி, துணி எல்லாவற்றையும் நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்குவது அவள் வேலை, பட்டப்பெயரும் அதனால்தான். அவளுடைய தங்கைக்குப் பத்து நாளாக வயிற்றுப்போக்கு. டாக்டர் கொடுத்த உப்புக் கரைசலையும் மாத்திரையையும் தூக்கிப் போட்டுவிட்டு, ஞானியின் 'உயிர்த் தீர்த்தத்தை' மட்டுமே குடிக்கிறாள். கன்னம் ஒட்டி, கண் குழிந்துவிட்டது. இன்னும் நான்கு நாள் இப்படிப் போனால் தங்கை மிஞ்சமாட்டாள் என்று அக்காவுக்குத் தெரியும்.

"அக்கா, தீர்த்தத்துல கோடிக்கணக்குல நல்ல கிருமி உயிரோட இருக்கு" என்றாள் தங்கை, சுவரில் சாய்ந்தபடி.

"அதை ஏன்டி கொதிக்கக் கொதிக்க ஊத்துறாரு?"

"சுத்தமா இருக்கணும்ல?"

"அடி பாவி, கிருமியைக் கொல்ல நான் தினமும் அதைத்தானே செய்யறேன்!"

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொல்லிப் புரியாது என்று அக்கா அப்போதே முடிவுகட்டினாள். மறுநாள் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதில் தலைமுதல் கால்வரை போர்த்திய உருவம்.

"எங்க மாமா. பேச்சு நின்னுபோச்சு. ரொம்பக் கூச்சக்காரர், முகம் காட்டமாட்டாரு."

"முகம் எதுக்கும்மா? எனக்கு வயிறு போதும்" என்றார் ஞானி. கிருமிப் பேச்சைக் கேட்கும் தகரப் புனலைப் போர்வைமேல் வைத்தார். பக்கத்திலிருந்த பெட்டி 'குர்ர்ர்' என்று உறுமியது. கூட்டம் கன்னத்தில் கைவைத்தது.

"ஐயோ! மூணு கோடி கிருமி கதறி அழுவுதே! மாமா ராத்திரியில எண்ணெய்ப் பலகாரம் திருடித் தின்னுறாரு. ஒன்பது புட்டி தீர்த்தம் குடிச்சாத்தான் அழுகை நிக்கும்!"

"இவ்வளவு தெளிவாவா கேக்குது, ஐயா?"

"பெயர் சொல்லிக் கூப்பிடுதும்மா!"

அக்கா போர்வையை உருவினாள். உள்ளே துணி மூட்டை. கழித்துப்போட்ட துணிகளை அவளே கட்டி, நீராவியில் அவித்து, 'கிருமி நீக்கியது' என்று முத்திரை ஒட்டியிருந்தாள்.

"இதுக்குள்ள ஒரு கிருமிகூட உயிரோட இல்ல. நானே கொன்னேன். அப்ப அழுதது யாரு?"

அவள் ஞானியின் முன்னே தரைவரை தொங்கிய மேசை விரிப்பை ஒரே இழுப்பில் இழுத்தாள். ஞானியின் கட்டைவிரல் ஒரு பொத்தான்மேல் இருந்தது, காலின் கட்டைவிரல். பதற்றத்தில் அவர் இன்னொரு முறை அழுத்திவிட, பெட்டி மறுபடியும் உறுமியது. முதலில் சிரித்தது, அன்றும் தீர்த்தத்துக்கு வந்து நின்ற தங்கைதான். சிரிக்கவும் தெம்பில்லாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக்கா" என்றாள்.

ஞானி பின்வாசலைத் தேடிக்கொண்டிருந்தார். இவ்வளவும் பார்த்த ஒரு பெரிய மனிதர் தயங்கித் தயங்கி வந்தார்.

"ஏம்மா, வீட்ல ஆறு புட்டி தீர்த்தம் மிச்சம் இருக்கு. என்ன செய்யலாம்?"

மூட்டையை இறக்கிவிட்டுத் தங்கையை நாற்காலியில் உட்காரவைத்த அக்கா நிமிர்ந்தாள்.

"வயித்துல இருக்கிற கோடி கிருமியும் கூலி கேக்காம வேலை செய்யுது, ஐயா. தலைக்குள்ள இருக்கிற ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் ஏன் ஆயுசு முழுக்க லீவு குடுத்திருக்கீங்க?"