கேள்வியில் மட்டும் பாஸான மாப்பிள்ளை

பி.ஏ. படித்தவனை ஞானோபதேசப் பரீட்சைக்கு அனுப்பக்கூடாது. அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

யுத்த சமயம். இண்டூர்ப் பக்கம் பெண் நிச்சயமாகியிருந்தது. மறுநாள் ஞாயிறு, கோயிலில் முதல் கல்யாண ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தாக வேண்டும். தவறினால் தபசு காலம் வந்துவிடும். ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளை பெண் ஊர்ப் பங்குச்சாமியாரிடம் ஞானோபதேசம், அதாவது மந்திரங்களும் வேத பாடமும், ஒப்பித்தால்தான் ஓலை. அரூரிலிருந்து, பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடிய பஸ்ஸில் கிளம்பினேன். பஸ் மேட்டில் திணறிய ஒவ்வொரு தடவையும் ஒரு மந்திரம் மறந்துபோனது.

இருந்தாலும் ஒரு தெம்பு. ஹாஸ்டலில் என் அறைத்தோழன் சாமுவேல் பதிதன் (பிராட்டஸ்டன்டுகளை அப்போது அப்படித்தான் சொல்வோம்). மூன்று வருஷம் அவனோடு வாதாடியவன் நான். புலி என்று நினைப்பு!

சாமியார் முன் மந்திரங்களை எப்படியோ உருட்டி முடித்தேன். அவர் விடவில்லை.

"காலேஜ்ல பதிதருங்க நம்மள என்ன கேப்பாங்க, நீ என்ன சொல்லுவ? சொல்லு தம்பி."

எழுந்து நின்று மேசையைத் தட்டினேன்.

"மாதாவ எதுக்குக் கும்புடறீங்க? பாப்பரசர் பேரு வேதாகமத்துல எங்க இருக்குது? மன்னிக்கிறது சருவேசுரன்னா சாமியார்கிட்ட எதுக்குப் பாவத்தச் சொல்றீங்க?"

"சபாஷ். பதில்?"

சாமுவேலுக்கு நான் தந்த ஒரே பதில், அவனைவிடச் சத்தமாகக் கத்துவது. சாமியாரிடம் கத்த முடியுமா?

அப்போது வாசலில் பொத்தென்று சத்தம். வாழைத்தாரோடு வந்த மாமனார் அதைக் கீழே போட்டுவிட்டார்.

"ஐயோ சாமி! மாப்ள வேதம் மாறிட்டாருங்க! எம்பொண்ண எப்பிடிங்க இவரு வூட்டுக்கு அனுப்புவேன்?"

"மாமா, அது நானில்லீங்க! சாமுவேலுங்க!"

"பேரு வேற மாத்திக்கிட்டாரா!"

சாமியார் தாடி குலுங்கச் சிரித்தார். ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான்: நாளை பூசையில் எல்லார் முன்னாலும் நான் விசுவாச மந்திரம் சொல்ல வேண்டும். மாமனார் திருப்திப்பட்டால் ஓலை.

மறுநாள் பீடத்தின் முன் நின்றேன். "பரிசுத்த கத்தோலிக்கு திருச்சபையை விசுவசிக்கிறேன்" என்றதும் ஆண்கள் பக்கமிருந்து மாமனார் குரல்:

"அந்த எடத்த மட்டும் இன்னொரு தரம் சொல்லுங்க மாப்ள!"

சொன்னேன். ஓலை வாசித்தார்கள்.

இன்றும் குழம்பில் ஏன் உப்பில்லை என்று கேட்டால் போதும். "சாமுவேல் வந்துட்டாரு" என்பாள் மனைவி. போன மாதம் நிஜ சாமுவேலே விருந்துக்கு வந்தான். பெயர் கேட்ட என் மகன் உள்ளே ஓடினான்:

"அம்மா, அப்பாகிட்ட கேள்வி கேக்க இன்னொரு சாமுவேலும் வந்திருக்காரு!"